சாரமற்ற ஊரும் ஆற்காட்டுக் கடனும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், வில்ட்ஷயர் கோட்டத்தில், சாலிஸ்பரி நகருக்குச் சற்று வடக்கே புல் மூடிய மேடு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் அகழி; நடுவே இடிந்த கோட்டையின் அடித்தளக் கற்கள். பழைய நாளில் அங்கே ஓர் ஊர் இருந்தது. பெரிய மாதாகோயிலும் ஆயரின் இருக்கையும் இருந்தன. தண்ணீர்த் தட்டுப்பாட்டாலும் கோட்டைக் காவலருடன் ஓயாது நடந்த பூசலாலும் அலுத்துப்போன திருச்சபையினர், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் கோயிலைச் சமவெளிக்கு மாற்றத் துணிந்தனர். 1220ல் கீழே புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மக்களும் மெல்ல மெல்ல இறங்கிச் சென்றனர். மேட்டில் எஞ்சி நின்றது பெயர் மட்டுமே: ஓல்டு சாரம். தமிழ் படிக்கும் நமக்கு அப்பெயரே ஒரு கேலியாகத் தோன்றுகிறது. பெயரில் சாரம் உண்டு, ஊரில் இல்லை.

ஊர் போன பின்னும் ஊரின் உரிமை போகவில்லை. லண்டன் பார்லிமெண்டின் மக்கள் சபைக்கு அந்த மேடு 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வந்தது. 1831ல் அங்கே வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் 11 பேர். ஊரிலுள்ள சில பழைய மனைகளின் பத்திரம் எவர் கையில் இருந்ததோ அவருக்கே வாக்கு என்பது அவ்வூர் வழக்கம். மனைகள் அனைத்தையும் ஒரே பிரபு விலைக்கு வாங்கி வைத்திருப்பார். தேர்தல் நெருங்கும்போது தம் ஆட்கள் பெயரில் எழுதிக் கொடுப்பார். தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்கிக் கொள்வார். வயல்வெளியில் ஓர் எல்ம் மரத்தடியில் கூடி, பிரபு எழுதியனுப்பிய இரண்டு பெயர்களை வாசித்துவிட்டுக் கலைவார்கள்.

அதே காலத்தில் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறத்தாழ 12,000 வாக்காளர்கள் இருந்தனர். அவர்களுக்கும் இரண்டு உறுப்பினர்களே. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் என்னும் தொழில் நகரங்கள் பல்லாயிரம் மக்களுடன் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றின் பெயரால் ஓர் உறுப்பினர்கூட இல்லை. டன்விச் என்ற கடற்கரை ஊரைப் பல நூற்றாண்டுகளாகக் கடல் தின்றுவந்தது. கடலுக்குள் போன தெருக்களுக்கும் சேர்த்து அது இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. கார்ன்வால் என்னும் ஒரு கோட்டம் 18ஆம் நூற்றாண்டில் 44 உறுப்பினர்களைப் பெற்றிருந்தது. ஸ்காட்லாந்து நாடு முழுவதற்கும் கிடைத்தது 45.

இந்தக் கோணலுக்குக் காரணம் விளங்காத மர்மம் ஒன்றுமில்லை. இடைக்கால மன்னர்கள் தங்களுக்கு வேண்டிய ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பும்படி ஓலை விடுத்தார்கள். அன்று செழிப்பாயிருந்த ஊர்களும், அரசவைக்குக் கைகட்டி நின்ற ஊர்களும் பட்டியலில் ஏறின. ஏறிய பெயரை இறக்குவதற்கு வழியே செய்யப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு 1832 வரை, புதிய ஊர் ஒன்றும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவும் இல்லை. யாருக்கு வாக்கு என்பதும் ஊருக்கு ஊர் வேறு. சில ஊர்களில் தனி அடுப்பு மூட்டிப் பானை வைத்துப் பொங்கும் ஒவ்வொரு ஆணும் வாக்காளன். சில ஊர்களில் நகரசபையின் முப்பது பேர் மட்டுமே. ஓல்டு சாரத்தில் வெறும் மண். இத்தகைய ஊர்களை ஆங்கிலேயரே ‘அழுகிய தொகுதிகள்’ என்று எள்ளினர். ஒரே பிரபுவின் பிடியில் இருந்தவற்றைச் சட்டைப்பைத் தொகுதிகள் என்றனர்.

இதையெல்லாம் ஆங்கிலேயரின் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடலாம். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தன. ஆனால் அந்தப் பொட்டல் மேட்டுக்கும், காவிரிக் கரையிலும் பாலாற்றுக் கரையிலும் இருந்த நெற்களங்களுக்கும் இடையே ஒரு பணப்பாதை ஓடியது. அந்தப் பாதையைக் காணாமல் ஆற்காட்டு நவாபின் வீழ்ச்சியையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள இயலாது.

முதல் தொடர்பு தாமஸ் பிட் என்பவரால் ஏற்பட்டது. கும்பினியாரின் அனுமதியின்றிக் கள்ள வாணிபம் செய்து பொருள் சேர்த்தவர் இவர். 1691ல் ஓல்டு சாரத்தை விலைக்கு வாங்கினார். கள்ள வாணிபம் செய்தவரையே கும்பினி பின்னர் அழைத்துச் சென்னைக் கோட்டைக்குக் கவர்னராக அமர்த்தியது. 1698 முதல் 1709 வரை அவர் இங்கே ஆண்டார். 1702ல் முகலாயத் தளபதி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் இருந்தவர் இவரே. ஜாம்சந்த் என்ற வைர வணிகரிடம் 48,000 வராகனுக்கு ஒரு பெரிய வைரத்தை வாங்கினார். அதனைத் தீட்டி 1717ல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். வந்த செல்வத்தில் கார்ன்வாலில் பெருநிலம் வாங்கினார். நிலத்தோடு தேர்தல் செல்வாக்கும் வந்தது. அவருடைய பேரர் வில்லியம் பிட் 1735ல் முதன்முதலாகப் பார்லிமெண்டில் நுழைந்ததும் ஓல்டு சாரத்தின் உறுப்பினராகத்தான். ஆங்கிலேயர் போற்றும் அந்தப் பெருந்தலைவரின் முதற்படி, குடியில்லா மேட்டில் அமைந்தது.

தாமஸ் பிட் வழி காட்டினார். பின்வந்தவர்கள் சாலையே போட்டுவிட்டார்கள். பிளாசிப் போருக்குப் பின் கும்பினி உத்தியோகஸ்தர் பலர் பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பினர். ‘நவாபு’ என்ற சொல்லைக் கெடுத்து அவர்களுக்கே பட்டமாகச் சூட்டினர் லண்டன்வாசிகள். பார்லிமெண்டில் இடம் இருந்தால் விசாரணைகளிலிருந்து தப்பலாம், கும்பினியின் காரியங்களில் கை நுழைக்கலாம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். 1767ல் செஸ்டர்பீல்டு பிரபு தம் மகனுக்காக ஓர் இடம் வாங்க எண்ணி 2,500 பவுன் தர முன்வந்தாராம். தரகர் சிரித்துவிட்டார். கீழ்நாட்டிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் பொருள் சேர்த்தவர்கள் 3,000, 4,000, சில இடங்களுக்கு 5,000 பவுன்கூடக் கொடுத்து எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள் என்பது அவர் தந்த பதில். இதைச் செஸ்டர்பீல்டே மகனுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாலாயிரம் பவுனுக்குப் பல்லாயிரம் வாக்காளரை விலைக்கு வாங்க முடியாது, பதினொருவரை வாங்கலாம். வாக்காளர் தொகை குறையக் குறைய இடம் சரக்காகிவிடுகிறது.

இனி நாம் சேப்பாக்கத்துக்கு வருவோம்.

நவாப் முஹம்மது அலீ வாலாஜா அவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் பெருமையோடு பேசுவார்கள். அதில் தவறில்லை. அன்னாரின் கொடை எல்லாச் சமயத்தாருக்கும் உரியதாயிருந்தது. லக்னோவின் பேரறிஞர் மவ்லானா அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து, பஹ்ருல் உலூம் என்று பட்டமளித்துப் போற்றியவர் அவர். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் இன்றும் வாலாஜாவின் பெயர் தாங்கி நிற்கிறது. ஆனால் இதே நவாபின் அரசு கடன் என்னும் சேற்றில் மூழ்கி மடிந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. மார்க்கம் ஹராமாக்கிய வட்டி, ஒரு மார்க்கப் பற்றாளரின் அரசையே விழுங்கிய கதை அது.

1749ல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் வீழ்ந்த பின், முஹம்மது அலீ அவர்கள் ஆங்கிலேயர் துணையால் அரசுரிமையைப் பெற்றார். துணைக்கு வந்த படையின் செலவு அவர் தலையில் விழுந்தது. கும்பினிக்குத் தவணை கட்டக் கும்பினியின் உத்தியோகஸ்தரிடமே தனிக்கடன் வாங்கினார். வட்டி தொடக்கத்தில் ஆண்டுக்கு 36 சதவீதம்வரை சென்றது. ஈடாக அவர் எழுதிக் கொடுத்தவை சில தாலுக்காக்களின் வரிவசூல் உரிமைச் சீட்டுகள். சீட்டைப் பெற்றவரின் துபாஷி அறுப்புக் காலத்துக்கு முன்பே அமில்தாரின் கச்சேரிக்குப் போய் அமர்வார். அமில்தார் குடியானவனை நெருக்குவார். நிற்கும் பயிரை அடகு வைத்துக் குடியானவன் கட்டுவான். அந்தப் பணம் வைரமாகவோ உண்டியலாகவோ மாறி லண்டன் போய்ச் சேரும். அங்கே அதன் ஒரு பகுதி பார்லிமெண்டு இடமாக உருமாறும்.

பால் பென்பீல்டு என்பவரை எடுத்துக்கொள்வோம். கும்பினியில் கட்டட வேலைக்கு வந்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று அவரைச் சொல்வார்கள். சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுன். 1773ல் நவாபும் கும்பினியும் தஞ்சையைக் கைப்பற்றி மன்னர் துளஜாஜியைச் சிறைப்படுத்தினர். 1776ல் கவர்னர் பிகட் பிரபு மன்னருக்கே நாட்டைத் திருப்பித் தந்தபோது, பென்பீல்டு எழுந்து நின்றார். நவாபுக்கும் தஞ்சைக் குடிகளுக்கும் தாம் கொடுத்த கடன் 2,34,000 பவுன் என்றும், தஞ்சையின் விளைச்சலும் வரியும் தமக்கு ஈடாக எழுதப்பட்டுள்ளன என்றும் உரிமை கோரினார். சில நூறு பவுன் சம்பளக்காரரிடம் இவ்வளவு தொகை எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய ஆலோசனைச் சபையில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றனர். அவர்களில் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களும் உண்டு. 1776 ஆகஸ்டு 24ஆம் நாள் அவர்கள் தங்கள் கவர்னரையே வழிமறித்துக் கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். மறு ஆண்டு மே மாதம், விடுதலை பெறாமலே பிகட் இறந்தார்.

பென்பீல்டு இங்கிலாந்து திரும்பி, 1780ல் கிரிக்லேடு என்ற சிறு தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஊரில் அவருடன் வென்ற மற்றொருவர் ஜான் மாக்பெர்சன். ஒரு காலத்தில் நவாபின் தூதராக லண்டனில் வேலை பார்த்தவர். அவ்வூரில் பாய்ந்த லஞ்சத்தைப் பார்த்துப் பார்லிமெண்டே முகம் சுளித்தது. 1782ல் தனிச்சட்டம் செய்து, சுற்றுவட்டார நிலக்காரர்களையும் அத்தொகுதியின் வாக்காளர்களாக்கினார்கள். வேறொரு மாக்பெர்சனும் இருந்தார். பண்டைப் புலவர் ஒருவரின் பாடல்களைக் கண்டெடுத்ததாகச் சொல்லிப் புகழும் பழியும் ஒருங்கே பெற்ற ஜேம்ஸ் மாக்பெர்சன் அவர். நவாபின் லண்டன் ஏஜெண்டாக அமர்ந்து, கார்ன்வாலின் கேமல்போர்டு என்ற குட்டித் தொகுதியின் உறுப்பினராக 1780 முதல் 1796ல் இறக்கும்வரை இருந்தார்.

நவாப் ஏன் இதற்கெல்லாம் இடம் கொடுத்தார் என்ற கேள்வி எழும். கும்பினியின் பிடியிலிருந்து மீள, கும்பினிக்கும் மேலான பார்லிமெண்டில் தமக்காகப் பேச நாலு பேர் வேண்டும் என்று அவர் எண்ணினார். எண்ணம் பிழையானதல்ல. ஆனால் விலைக்கு வாங்கிய நாக்கு, கூடுதல் விலை தருபவனுக்கே அசையும் என்பதை அவர் கணக்கிடவில்லை. அவருக்காகப் பேச வந்தவர்களும் அவருக்குக் கடன் கொடுத்தவர்களும் பார்லிமெண்டில் ஒரே கூட்டமாகக் கலந்துவிட்டனர். ‘ஆற்காட்டுக் கட்சி’ என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கியது.

1784ல் இளைய பிட் பிரதமராயிருந்து தேர்தலில் வென்றார். இவர் சென்னைக் கவர்னர் தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரர். அவ்வாண்டு நிறைவேறிய இந்தியச் சட்டத்தில், ஆற்காட்டுக் கடன்களின் நியாயத்தை ஆராய வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. கும்பினியின் டைரக்டர்கள் விசாரணைக்கு உத்தரவு தயாரித்தனர். சட்டத்தால் புதிதாக ஏற்பட்ட கட்டுப்பாட்டு வாரியம் அதைத் தள்ளிவிட்டது. வாரியத்தில் செல்வாக்குடன் விளங்கிய ஹென்றி டண்டாஸ், பழைய கடன்களை விசாரணையின்றியே ஏற்கச் செய்தார். கருநாடகத்தின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 லட்சம் வராகன் அதற்கென ஒதுக்கப்பட்டது. ஹைதர் அலீயின் 1780ஆம் ஆண்டுப் படையெடுப்பாலும் அடுத்து வந்த பஞ்சத்தாலும் ஊர்கள் பாழாகிக் கிடந்த காலம் அது!

1785 பிப்ரவரி 28 அன்று மக்கள் சபையில் எட்மண்டு பர்க் எழுந்தார். பல மணி நேரம் பேசினார். தஞ்சையின் ஏரி, குளம், கால்வாய்களைப் பற்றியும், அவை தூர்ந்து போனதைப் பற்றியும் அவர் பேசியதைப் படிக்கையில், இந்தியாவைக் கண்ணால் காணாத ஒருவர் இவ்வளவு அறிந்திருந்தாரே என்று நாம் வியக்கிறோம். கடன்களில் பெரும்பகுதி பொய்க்கணக்கு என்றார். பென்பீல்டு தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களைத் தம் பணத்தால் உருவாக்கினார் என்றும், அந்த ஆதரவுக்கு விலையாகவே அரசாங்கம் கடனை ஒப்புக்கொண்டது என்றும் குற்றஞ்சாட்டினார். பர்க் மிகைப்படுத்தினார் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எட்டோ, நாலோ, கடன்காரர்கள் அந்தச் சபையில் அமர்ந்து தங்கள் கடனுக்குத் தாங்களே நீதிபதிகளாயிருந்தது பொய்யல்ல. பிரதமர் பதிலே சொல்லவில்லை. தீர்மானம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

இதற்கு ஏழு வாரம் கழித்து நடந்தது மேலும் விசித்திரம். ஏப்ரல் 18ஆம் நாள் அதே இளைய பிட், 36 அழுகிய தொகுதிகளை ஒழிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். உரிமையாளர்களுக்கு நட்ட ஈடாகப் பத்து லட்சம் பவுன்வரை தரவும் முன்வந்தார். 248க்கு 174 என்ற கணக்கில் அது தோற்றது. ஆற்காட்டுக் கடனில் ஊமையாயிருந்தவர் தொகுதிச் சீர்திருத்தத்தில் வாய் திறந்தார். ஆற்காட்டுக் கடனில் முழங்கிய பர்க்கோ, தொகுதிச் சீர்திருத்தத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர். பர்க் 1765ல் பார்லிமெண்டில் நுழைந்தது வெண்டோவர் என்ற சட்டைப்பைத் தொகுதியின் வழியாக. 1785ல் அவர் வகித்ததும் மால்டன் என்ற மற்றொரு பிரபுவின் தொகுதி. நோயை அவரைவிடத் துல்லியமாக விவரித்தவர் இல்லை. அது எந்த வாயிலால் உள்ளே வந்ததோ, அந்த வாயிலை அடைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

நவாப் வாலாஜா அவர்கள் 1795 அக்டோபரில் மறைந்தார். 1801ல் கும்பினி கருநாடகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. நவாபின் வழியினருக்குப் பட்டமும் உபகாரச் சம்பளமுமே மிஞ்சின. அதற்குப் பின்னும் கடன்காரர்கள் சீட்டுகளோடு வந்துகொண்டே இருந்தனர். இப்போது வருவாய் கும்பினியுடையது. ஆகவே இப்போது மட்டும் விசாரணை வேண்டியதாயிற்று. 1805ல் அமைக்கப்பட்ட ஆணையம் கால் நூற்றாண்டு உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தது. கோரப்பட்ட தொகை மூன்று கோடிப் பவுனுக்கு மேல். உண்மையென்று தேறியது முப்பது லட்சம் பவுனுக்கும் குறைவு. அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1785ல் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற கடன்களை இவ்வாறு சலித்துப் பார்த்திருந்தால் எவ்வளவு தேறியிருக்கும் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். பென்பீல்டு தம் செல்வமெல்லாம் இழந்து 1810ல் பாரிசில் வறுமையில் மாண்டார்.

ஓல்டு சாரம் 1802ல் கைமாறியது. பிட் குடும்பத்தார் அதைக் காலடன் பிரபுவுக்கு 60,000 பவுனுக்கு விற்றனர். இந்தப் பிரபுவின் தந்தையும் கும்பினி உத்தியோகத்தில் இந்தியாவில் பொருள் சேர்த்தவரே. ஆக அந்த மேடு கீழ்நாட்டுப் பணத்திலிருந்து கீழ்நாட்டுப் பணத்துக்கே போயிற்று.

பின்னர் இங்கிலாந்தின் ஏழை மக்களே கிளர்ந்தெழுந்தனர். 1819 ஆகஸ்டு 16ஆம் நாள், ஓர் உறுப்பினர்கூட இல்லாத மான்செஸ்டரில், செயின்ட் பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் கூடி வாக்குரிமை கேட்டனர். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பெண்கள் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1831 மார்ச்சில் சீர்திருத்த மசோதா 302க்கு 301 என்று ஒரே வாக்கில் தப்பியது. அக்டோபரில் பிரபுக்கள் சபை தள்ளிவிடவே நாட்டிங்காம் கோட்டை எரிந்தது. பிரிஸ்டல் கலவரத்தில் மூழ்கியது.

அந்நாட்களில் லண்டனில் தங்கியிருந்து இதைக் கவனித்தவர்களில் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. டில்லி பாதுஷா இரண்டாம் அக்பர் ஷாவின் தூதராகச் சென்றிருந்த ராஜா ராம்மோகன் ராய்தாம் அவர். பாதுஷாவுக்குக் கும்பினி தரவேண்டிய தொகைக்காக வாதாடப் போனவர். மசோதா தோற்றுப்போனால் இங்கிலாந்துடன் தமக்குள்ள தொடர்பையே அறுத்துக்கொள்ளப் போவதாக அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஆங்கிலேயரின் வாக்குரிமையில் ஒரு வங்காளிக்கு இத்தனை ஆத்திரம் ஏன் என்று அங்கே சிலர் வியந்திருக்கலாம். ஆற்காட்டின் கதை தெரிந்த நமக்கு அதில் வியப்பில்லை.

1832 ஜூன் 7ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று. முற்றாக ஒழிக்கப்பட்ட 56 தொகுதிகளின் பட்டியலில் ஓல்டு சாரமும், டன்விச்சும், மாக்பெர்சனின் கேமல்போர்டும், பர்க்கின் வெண்டோவரும் இருந்தன. மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர்கள் கிடைத்தனர். ஆண்களிலும் சொத்துள்ளவர்களுக்கே வாக்கு என்பதால், திடலில் வாள் வெட்டுப்பட்டவர்களில் மிகப் பலருக்கு அப்போதும் வாக்கில்லை. 1800ல் அயர்லாந்துப் பார்லிமெண்டைக் கலைத்தபோது, இடமிழந்த ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் உரிமையாளருக்கு 15,000 பவுன் ஈடு கொடுத்திருந்தனர். இம்முறை காலடன் பிரபுவுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. கருநாடகக் குடிகள் கட்டிய ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வராகனைத் திருப்பித் தருவது பற்றி, அந்தச் சபையில் ஒருவரும் பேச்செடுக்கவில்லை.